முள்ளைப் பார்க்காதீர்கள்: கடிகார அருங்காட்சியகம் பார்க்கப் போகிறவர்களுக்கு

பழைய கடிகாரங்களின் அருங்காட்சியகத்துக்குப் போவதென்றால், மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது உள்ளே நுழையுங்கள். பன்னிரண்டு மணிக்கு முன்னால் என்றால் இன்னும் நல்லது. ஓடிக்கொண்டிருப்பவற்றில் மணி அடிக்கும் கடிகாரம் ஒன்றைத் தேர்ந்து, அதன் முகத்துக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். சில நிமிடம் முன்னதாகவே உள்ளே 'களுக்' என்று ஒரு சத்தம் வரும். மணி அடிக்கும் சக்கர வரிசை பூட்டு விடுபட்டு, கொஞ்சம் சுழன்று, ஒரு சிறிய தடையில் முட்டிக் காத்து நிற்கிறது என்று அர்த்தம். பெரிய முள் உச்சிக்கு வந்ததும் அந்தத் தடை விலகும், சுத்தியல் எழும். அப்போது ஒரு மெல்லிய தகடு விர்ரென்று சுழல்வது தெரிந்தால் அதுதான் விசிறி. காற்றோடு மல்லுக்கட்டி வேகத்தைக் குறைத்து, அடிகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை.

எத்தனை அடி அடிக்க வேண்டும் என்பது கடிகாரத்துக்கு எப்படித் தெரிகிறது? பின்பக்கத் தகட்டிலோ பக்கத்திலோ ஒரு வட்டத் தகடும், அதன் விளிம்பில் வெட்டுகளும், வெட்டுகளுக்கு நடுவே போகப்போக நீண்டுகொண்டே போகும் இடைவெளிகளும் தெரிந்தால் அது பழைய முறை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண்ணிக்கொண்டே போகும், அவ்வளவுதான். முள் எங்கே நிற்கிறது என்று அதற்குக் கவலையில்லை. யாராவது முள்ளை மணி அடிக்க விடாமல் திருப்பினால், மூன்று மணிக்கு ஏழு அடிக்கும். திரும்ப ஒப்பேற்ற, அடிக்கும் பகுதியை மட்டும் கையால் தூண்டி ஒவ்வொரு மணியாக அடிக்கவிட வேண்டும். 1676-ல் எட்வர்டு பார்லோ கண்டுபிடித்த முறையில், மணிமுள்ளோடு சேர்ந்தே சுழலும் நத்தைவடிவத் தகடு ஒன்று உண்டு. ஒரு நெம்புகோல் அதன் மேல் விழுந்து, எத்தனை படி இறங்கியது என்பதைப் பொறுத்து அடிகளின் எண்ணிக்கை அமைகிறது. முள்ளும் மணியும் பிரியவே முடியாது.

இப்படித்தான் இந்த மாதிரி இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. முள் என்ன காட்டுகிறது, கூட்டில் எவ்வளவு தங்கம், எந்த அரசருடையது என்பதெல்லாம் பிறகு. ஒவ்வொரு கண்ணாடிப் பேழை முன்னும் ஒரே கேள்வி கேளுங்கள்: இது எதனால் தவறாக ஓடும்? பதில் பெரும்பாலும் அடுத்த பேழையில் இருக்கும்.

நிழல், நீர், மணல்

சூரியக் கடிகாரங்கள் வழக்கமாக நுழைவாயில் பக்கம் இருக்கும். கூரைக்குக் கீழே அவற்றுக்கு வேலை இல்லை என்பதால் மக்கள் வேகமாகக் கடந்து போய்விடுகிறார்கள். பார்க்க வேண்டியது நிழல் தரும் தகட்டின் சாய்வு. கிடைமட்டக் கடிகாரத்தில் அந்தக் கோணம் அது நிற்க வேண்டிய ஊரின் அட்சரேகைக்குச் சமம். 51 டிகிரி சாய்ந்த தகட்டை 20 டிகிரி அட்சரேகையில் கொண்டுபோய் வைத்தால், கோடுகள் எவ்வளவு நேர்த்தியாக வெட்டப்பட்டிருந்தாலும் நடுப்பகல் தவிர மற்ற நேரமெல்லாம் பிசகும். சரியான ஊரில் வைத்தாலும் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகாது. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சு சாய்ந்தது என்ற இரண்டு காரணங்களால், நவம்பர் முதல் வாரத்தில் நிழல் சுமார் 16 நிமிடம் முந்தும், பிப்ரவரி நடுவில் சுமார் 14 நிமிடம் பிந்தும். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாள்களை ஒட்டி மட்டும் வேறுபாடு மறைகிறது. இதற்கு மேல், நேர மண்டலத்தின் நடுக்கோட்டிலிருந்து விலகும் ஒவ்வொரு தீர்க்கரேகை டிகிரிக்கும் 4 நிமிடம் கூட்டவோ கழிக்கவோ வேண்டும்.

சட்டைப்பையில் வைக்கும் சிறிய சூரியக் கடிகாரங்களில் காந்த ஊசி இருக்கும். ஊசியின் அடியில் வடக்குக் கோடு கொஞ்சம் சாய்த்து வரையப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். காந்த வடக்கு நூற்றாண்டுகள்தோறும் நகர்வதால், அந்தச் சாய்வு கருவி செய்யப்பட்ட காலத்தைக் காட்டிக்கொடுக்கும்.

நீர்க்கடிகாரத்தின் சிக்கல் எளியது. பாத்திரத்தில் நீர் குறையக் குறைய, அடியில் உள்ள துளை வழியே வெளியேறும் வேகமும் குறையும். மட்டம் பாதியானால் வேகம் முன்பிருந்ததில் சுமார் 71 சதவீதம்தான். எகிப்தின் கர்நாக்கில் கிடைத்த, கி.மு. 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாத்திரம் இப்போது கெய்ரோவில் இருக்கிறது; அதன் நகல்களைப் பல அருங்காட்சியகங்களில் காணலாம். அதன் சுவர்கள் மேலே அகன்று கீழே குறுகியிருப்பது அழகுக்காக அல்ல. வேகம் குறையும்போது மட்டம் இறங்குவதும் தளர்ந்துபோகாமல் இருக்க, கீழே குறைவான நீர் போதுமென்று செய்த ஏற்பாடு. உள்சுவரில் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அளவுவரிசைகள் இருக்கும், ஏனென்றால் இரவை எப்போதும் பன்னிரண்டாகப் பிரித்தார்கள். இரவின் நீளமோ மாதத்துக்கு மாதம் மாறும்.

கன்னல் என்றும் நாழிகை வட்டில் என்றும் தமிழில் பெயர் பெற்ற கருவி இந்தச் சிக்கலை வேறு வழியில் தாண்டியது. அடியில் நுண்துளையிட்ட செப்புக் கிண்ணத்தைப் பெரிய பாத்திரத்து நீரில் மிதக்கவிட்டால், நீர் உள்ளே ஏறி, ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், மூழ்கும். எடுத்துக் கொட்டி மீண்டும் மிதக்கவிட வேண்டும். நாளுக்கு அறுபது முறை. பிழை வரும் இடங்கள் மூன்று: துளையில் தூசு அல்லது உப்புப் படிவு, துளை தேய்ந்து அகல்வது, நீரின் சூடு. 20 டிகிரி நீரைவிட 30 டிகிரி நீரின் பிசுப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைவு. துளை எவ்வளவு நுண்ணியதோ அந்த அளவுக்கு இது வேகத்தில் தெரியும். நான்காவதாக ஒரு பிழையும் உண்டு. காவலிருப்பவர் கண்ணயர்ந்துவிடலாம்.

மணற்கடிகாரத்தில் ஓர் அதிசயம்: மேலே மணல் எவ்வளவு உயரம் நின்றாலும் விழும் வேகம் ஒன்றுதான். மணலின் எடையைப் பெருமளவு பக்கச் சுவர்கள் தாங்கிக்கொள்வதால், கழுத்துக்கு மேலே உள்ள சிறு பகுதிதான் வேகத்தை முடிவு செய்கிறது. ஆனால் மணல் கழுத்தைத் தேய்க்கும், கழுத்து அகலும், கடிகாரம் ஆண்டுக்காண்டு வேகமாகும். ஈரம் புகுந்தால் கட்டிதட்டி நிற்கும். பழையவற்றில் இரண்டு குடுவைகளைத் தனித்தனியே ஊதி, நடுவே துளைத்தகடு வைத்து, மெழுகிட்டு நூலால் கட்டியிருப்பார்கள். இடுப்பில் நூல்கட்டு இருக்கிறதா, ஒரே கண்ணாடியாக இருக்கிறதா என்பதே வயதைச் சொல்லிவிடும். கப்பல் சாமான்களோடு 28 விநாடிக் கண்ணாடி ஒன்று இருந்தால் தவறவிடாதீர்கள். முடிச்சுகள் போட்ட கயிற்றைக் கடலில் ஓடவிட்டு, 28 விநாடியில் எத்தனை முடிச்சு போனது என்று எண்ணுவார்கள். முடிச்சுகளுக்கு இடையே 47 அடி 3 அங்குலம் வைத்தால், எண்ணிக்கை நேரடியாக மணிக்கு இத்தனை கடல்மைல் என்று வந்துவிடும். கப்பல் வேகத்தை இன்றும் முடிச்சுக் கணக்கில் சொல்வது அதனால்தான்.

ஊசலுக்கு முன்னும் பின்னும்

இங்கிருந்து மெதுவாக நடக்க வேண்டும். ஐரோப்பாவின் 14-ஆம் நூற்றாண்டுக் கடிகாரங்கள் கொல்லர் வேலை. ஆணிகளும் ஆப்புகளும் இரும்புச் சட்டங்களுமாக ஒரு கட்டில் அளவுக்கு இருக்கும். சால்ஸ்பரி பேராலயத்தில் உள்ள, 1386-ஐச் சேர்ந்ததாகக் கருதப்படும் கடிகாரத்துக்கு முகமே கிடையாது. மணி அடிப்பது மட்டுமே வேலை. ஏறக்குறைய அதே காலத்து வெல்ஸ் பேராலயக் கடிகாரத்தின் பழைய இயந்திரம் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இவற்றின் உச்சியில் தராசுக்கோல் போல ஒரு கிடைச்சட்டம் இருக்கும். பெயர் ஃபோலியட். அதன் தண்டில் ஒன்றுக்கொன்று கோணம் மாறிய இரண்டு சிறு தகடுகள். கிரீடம் போன்ற சக்கரத்தின் பல்லை ஒரு தகடு தடுக்கும், பல் அதைத் தள்ளும், சட்டம் திரும்பும், மறுதகடு எதிர்ப்பக்கத்துப் பல்லைத் தடுக்கும். சக்கரத்தின் பற்களை எண்ணுங்கள், ஒற்றைப்படையாக இருக்கும். இரட்டைப்படையாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பல் நேருக்கு நேர் வந்து முறை தவறிவிடும். சட்டத்தின் கைகளில் வெட்டுகளும், அவற்றில் தொங்கும் எடைகளும் தெரியும். எடையை வெளியே தள்ளினால் கடிகாரம் மெதுவாகும், உள்ளே இழுத்தால் வேகமாகும்.

இதன் குறை என்ன? அந்தச் சட்டத்துக்குச் சொந்தத் தாளம் கிடையாது. தள்ளுகிற விசை எவ்வளவோ அவ்வளவு வேகம். குளிரில் எண்ணெய் கெட்டியானால் மெதுவாகும், துடைத்து எண்ணெய் விட்டால் வேகமாகும். நாளுக்குக் கால் மணி நேரம் தவறுவது சாதாரணம். இந்த லட்சணத்தில் நிமிடமுள் எதற்கு? அதனால்தான் ஒரே முள். ஒற்றை முள் கடிகாரத்தின் வளையத்தில் ஒரு மணிக்கும் அடுத்ததற்கும் இடையே நான்கு பிரிவுகள் இருக்கும், கால் மணிக்கு ஒன்று. நான்கு பிரிவுகளே உள்ள வளையத்தில் இரண்டு முள்கள் ஓடினால், இரண்டாவது முள் பிற்காலத்தில் யாரோ ஏற்றியது. விவரப்பலகையில் இது எழுதப்படாமலும் இருக்கலாம்.

பெண்டுலம் என்று நாம் சொல்லும் ஊசல் வந்தது 1656-ல், ஹாலந்தின் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் கையால். ஊசலுக்குச் சொந்தத் தாளம் உண்டு. அதை முக்கியமாக நீளமும் புவியீர்ப்பும் தீர்மானிக்கின்றன. ஒரு பக்க வீச்சுக்கு ஒரு விநாடி எடுக்கும் ஊசலின் நீளம் சுமார் 99.4 செ.மீ. தினசரிப் பிழை கால் மணியிலிருந்து கால் நிமிடத்துக்கு இறங்கியது. வேறு எந்த ஒற்றை மாற்றமும் நேரக்கணக்கில் இவ்வளவு பெரிய பாய்ச்சலைத் தந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இனி ஊசலின் குறைகள். முதலாவது, வீச்சு பெரிதானால் நேரமும் கூடும். நடுவிலிருந்து இரண்டு டிகிரி ஆடும் ஊசல் மூன்று டிகிரி ஆடத் தொடங்கினால் நாளுக்கு 8 விநாடி பிந்தும். கிரீடச் சக்கரத்தை இரண்டு தகடுகள் மாறிமாறித் தடுக்கும் பழைய தடுப்புமுறை ஊசலை ஏராளமாக வீசி ஆடவைத்தது. அதனால் சுமார் 1670-ல் நங்கூர வடிவத் தடுப்பு வந்தபோது, வீச்சு சில டிகிரிக்குச் சுருங்கி, நீண்ட ஊசலைக் குறுகிய கூட்டுக்குள் அடைக்க முடிந்தது. ஆளுயரக் கடிகாரங்கள் பிறந்த கதை இதுவே. நங்கூரத்தைக் கண்டுகொள்ள விநாடிமுள்ளைக் கவனியுங்கள்: ஒவ்வொரு அடிக்கும் முன்னே குதித்து, மயிரிழை பின்னே நகரும். ஊசல் தன் வீச்சை முடிக்கும்போது சக்கரத்தையே பின்னுக்குத் தள்ளுகிறது. 1715 வாக்கில் லண்டன் கடிகாரக் கைவினைஞர் ஜார்ஜ் கிரகாம் செம்மைப்படுத்திய முறையில் இந்தப் பின்னடைவு இல்லை. முள் குதிக்கும், அப்படியே நிற்கும். இரண்டு வகையும் அருகருகே ஓடினால், ஒரு நிமிடம் நின்று பார்த்தாலே போதும், எது எதுவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது குறை வெப்பம். ஒரு மீட்டர் எஃகுக் கம்பி ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 11.5 மைக்ரான், அதாவது 0.0115 மில்லிமீட்டர், நீள்கிறது. அதனால் வரும் பிழை நாளுக்கு அரை விநாடி. குளிர்காலத்துக்கும் கோடைக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்றால் நாளுக்குப் பத்து விநாடி. கிரகாம் ஊசலின் அடியில் பாதரசக் குடுவையை வைத்தார்: கம்பி கீழே நீள, பாதரசம் மேலே எழும். ஜான் ஹாரிசன் ஐந்து எஃகுக் கம்பிகளையும் நான்கு பித்தளைக் கம்பிகளையும் மாற்றிமாற்றி அடுக்கினார். எஃகு கீழே தள்ளுவதைப் பித்தளை மேலே இழுத்துவிடும். இதில் ஒரு பித்தலாட்டம் உண்டு. பிற்காலத்து வீட்டுக் கடிகாரங்கள் பலவற்றில் இந்தக் கம்பி அடுக்கு வெறும் ஒப்பனை. எல்லாக் கம்பிகளும் மேல் சட்டத்திலும் கீழ்ச் சட்டத்திலும் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தால் அது போலி. உண்மையானதில் சில கம்பிகள் நடுச்சட்டங்களோடு மட்டும் இணைந்து, மற்றவற்றின் ஊடே நழுவ இடம் இருக்கும்.

மூன்றாவது, புவியீர்ப்பே இடத்துக்கு இடம் மாறுகிறது. 1672-ல் பிரெஞ்சு வானியலாளர் ஜான் ரிஷே பாரிஸிலிருந்து நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள கயேனுக்குக் கொண்டுபோன கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. கடிகாரத்தில் கோளாறு இல்லை. பூமி நடுவில் புடைத்திருக்கிறது.

ஊசலின் அடியில் உள்ள திருகுமரையையும் பாருங்கள். குண்டை ஒரு மில்லிமீட்டர் ஏற்றினால் விநாடி ஊசல் நாளுக்கு 43 விநாடி முந்தும். வீட்டில் பழைய கடிகாரம் வைத்திருப்பவர்கள் மரையை ஒரு முழுச்சுற்று சுற்றிவிட்டுத் தவிப்பது இதனால்தான்.

காதுக்கும் வேலை இருக்கிறது. டிக், டாக் இரண்டுக்கும் நடுவே சம இடைவெளி வேண்டும். 'டிக்டாக்… டிக்டாக்…' என்று நொண்டினால், கூடு சாய்ந்திருக்கிறது அல்லது ஊசலைப் பிடித்திருக்கும் கவை வளைந்திருக்கிறது. அப்படிப்பட்ட கடிகாரம் கொஞ்ச நாள் ஓடி நின்றுபோகும். ஆளுயரக் கடிகாரங்களைச் சுவரோடு திருகி வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. எடைகள் இறங்கி ஊசல்குண்டின் மட்டத்துக்கு வரும் நாளில், கூடு தளர்வாக இருந்தால் எடைகளும் கூடவே ஆடத் தொடங்கி ஊசலின் சக்தியை உறிஞ்சிவிடும். வாரத்தின் பிற்பகுதியில் மட்டும் நின்றுபோகும் கடிகாரத்துக்கு எந்திரத்தைப் பிரிக்கத் தேவையில்லை, ஒரு திருகாணி போதும். ஒரே சட்டத்தில் தொங்கிய இரண்டு ஊசல்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் தாளம் சேர்ந்துகொண்டதை ஹைகன்ஸ் 1665-லேயே கவனித்தார்.

கப்பலில் ஊசல் ஆடாது

எடைக்குப் பதில் சுருள்வில் வைத்தால் கடிகாரம் கையடக்கமாகும். ஆனால் சாவி கொடுத்ததும் வில்லின் விசை அதிகம், தளரத் தளரக் குறைவு. பழைய சட்டைப்பைக் கடிகாரங்களின் பின்புறம் திறந்து வைக்கப்பட்டிருந்தால் கூம்பு ஒன்றும் அதில் சுற்றிய மெல்லிய சங்கிலியும் தெரியும். வில் இறுகியிருக்கும்போது சங்கிலி கூம்பின் குறுகிய நுனியை இழுக்கும். தளர்ந்தபின் அகன்ற அடியை. சைக்கிள் கியர் மாதிரிதான். 1675-ல் ஹைகன்ஸ், ஊசலின் இடத்தில் முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தோடு மயிரிழை வில்லைச் சேர்த்த பிறகு சட்டைப்பைக் கடிகாரத்துக்கும் சொந்தத் தாளம் கிடைத்தது, நிமிடமுள் பரவியது. 'அதிகமாகச் சாவி கொடுத்துக் கெடுத்துவிட்டேன்' என்று பலர் சொல்வார்கள். முழுக்கச் சாவி கொடுத்தும் ஓடாத கடிகாரத்தில் பெரும்பாலும் எண்ணெய் காய்ந்திருக்கும் அல்லது அழுக்கு சேர்ந்திருக்கும். சாவி மேல் பழி வீண்.

கடலில் தீர்க்கரேகை அறிய, புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைக் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும். நான்கு நிமிடப் பிழை ஒரு டிகிரி, நிலநடுக்கோட்டில் 111 கி.மீ. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1714-ல் அறிவித்த 20,000 பவுண்டு பரிசுக்காகத் தச்சர் மகன் ஹாரிசன் செய்த நான்கு கருவிகளும் கிரீனிச் ராயல் அப்சர்வேட்டரியில் ஒரே அறையில் நிற்கின்றன. முதல் கருவியான எச்1 (1735) சுமார் 34 கிலோ. அதன் இரண்டு ஆடும் கைகளும் எதிரெதிராகப் பிணைக்கப்பட்டிருப்பதைப் பாருங்கள்: கப்பல் சாயும்போது ஒன்றை முடுக்குவது மற்றொன்றைத் தடுக்கும். மரத்திலேயே எண்ணெய் ஊறும் லிக்னம் வீட்டே உருளைகள் இருப்பதால் எண்ணெய் விடத் தேவையில்லை. எச்3-க்கு ஏறக்குறைய இருபது ஆண்டு செலவழித்து, ஈருலோகத் தகட்டையும் உருளைத் தாங்கியையும் அதற்காகவே கண்டுபிடித்தும் அது போதவில்லை. கடைசியில் ஜெயித்தது 1759-ல் முடிந்த எச்4: 13 செ.மீ. அகலமுள்ள பெரிய சட்டைப்பைக் கடிகாரம், விநாடிக்கு ஐந்து துடிப்பு. ஜமைக்காவுக்குப் போன 81 நாள் கடற்பயணத்தில் அதன் பிழை 5.1 விநாடி. பெரிய, நிதானமான இயந்திரம்தான் நம்பகமானது என்ற எண்ணத்தை அவரே உடைத்தார். கப்பலின் ஆட்டத்தைவிட மிக வேகமாகத் துடிக்கும் சிறிய சக்கரத்தைக் கடலால் கலைக்க முடியவில்லை.

முதல் மூன்றும் ஓடும். எச்4 நிற்கும். அதற்கு எண்ணெய் வேண்டும், எண்ணெய் இருந்தால் தேய்மானமும் இருக்கும், அதனால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

கோபுரக் கடிகாரத்தின் எதிரி வானிலை. வெளியே முள்மீது பனி ஏறினால், காற்று தள்ளினால், அந்த விசை உள்ளே ஊசல்வரை போகும். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் 1859 முதல் ஓடும், பிக் பென் என்று பலரும் சொல்லும் பெரிய கடிகாரத்துக்கு எட்மண்ட் டெனிசன் அமைத்த முறையில், சக்கரங்கள் இரண்டு சிறு கைகளைத் தூக்கி மட்டும் வைக்கின்றன. அந்தக் கைகள் தம் எடையால் விழுந்து ஊசலைத் தள்ளுகின்றன. எவ்வளவு பலமாகத் தூக்கினாலும் விழும் எடை ஒன்றுதான். அந்த ஊசலின் மேல்தட்டில் ஒரு பழைய பென்னி காசை வைத்தால் நாளுக்கு 0.4 விநாடி முந்தும். காசு எடைமையத்தை ஒரு துளி மேலேற்றுவதால்.

மின்சாரப் பகுதிக்கு வரும்போது கால் வலிக்கத் தொடங்கியிருக்கும். ஒன்றுக்கு மட்டும் நில்லுங்கள்: 1921-ல் வந்த ஷார்ட் கடிகாரம். செம்பு உருளைக்குள், காற்று பெரும்பாலும் நீக்கப்பட்ட வெளியில் ஓர் ஊசல், வேறு வேலையே இல்லாமல் ஆடுகிறது. எண்ணுவது, முள் நகர்த்துவது எல்லாம் பக்கத்தில் இருக்கும் அடிமைக் கடிகாரத்தின் பாடு. 30 விநாடிக்கு ஒருமுறை மட்டும் ஒரு மெல்லிய தள்ளல். பிழை ஆண்டுக்கு ஒரு விநாடி அளவில். குவார்ட்ஸில் பார்க்க அதிகமில்லை: விநாடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தின் துடிப்பைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒரு விநாடி கிடைக்கும். 1955-ல் எஸ்ஸனும் பாரியும் செய்த சீசியம் அணுக்கடிகாரம் லண்டனில் இருக்கிறது. நீண்ட குழாயைத் தவிர கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

நின்றுபோன கடிகாரங்களைத் தாண்டிப் போகாதீர்கள்

எல்லாம் ஓடவில்லையே என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. எஃகு அச்சு பித்தளைத் துளையில் சுழல்கிறது. தூசு விழுந்தால் மென்மையான பித்தளை மட்டும்தானே தேயும் என்று நினைப்போம். நடப்பது வேறு: தூசு பித்தளையில் புதைந்து உப்புத்தாள் போலாகி, கடினமான எஃகு அச்சையும் அரித்துவிடும். எண்ணெய் காய்ந்தால் இன்னும் மோசம். நின்ற கடிகாரத்தின் அச்சுத்துளைகளைப் பாருங்கள். நீள்வட்டமாகியிருந்தால் தேய்மானம், துளையைச் சுற்றி நிறம் மாறிய சிறு வட்டம் இருந்தால் புதுப் பித்தளை பொதித்த பழுதுவேலை.

பின்தகட்டில் காரணமில்லாத அடைத்த துளைகள் தெரிந்தால், பழைய தடுப்புமுறையைக் கழற்றி நங்கூரம் ஏற்றியிருக்கிறார்கள். சால்ஸ்பரிக் கடிகாரத்துக்கும் இது நேர்ந்தது. ஊசல் ஏற்றப்பட்டு, 1956-ல் மீண்டும் ஃபோலியட்டுக்குத் திரும்பியது. முகத்தகடு கூட்டின் சட்டத்துக்குப் பொருந்தாமல் மரத்துண்டு ஒட்டி நிரப்பியிருந்தால், கூடு ஒன்றுடையது, இயந்திரம் வேறொன்றுடையது.

முகத்தில் இன்னொரு தடயம். ரோமானிய எண் நான்கைக் கடிகாரங்களில் பெரும்பாலும் நான்கு கோடுகளாகத்தான் எழுதுவார்கள். 17-ஆம் நூற்றாண்டு லண்டன் கடிகாரம் ஒன்றில் அது ஐந்துக்கு முன் ஒன்று என்ற வடிவில் இருந்தால், உள்ளே இரண்டு மணிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். ஜோசப் நிப் செய்தவற்றில் ஒரு மணி ஒன்றுக்கு, மற்றது ஐந்துக்கு. பத்து என்றால் ஐந்தின் மணி இருமுறை. பன்னிரண்டு மணி நேரத்தில் வழக்கமான 78 அடிக்குப் பதில் 30 அடி போதும். ஒருமுறை சாவி கொடுத்தால் ஒரு மாதம் ஓட வேண்டிய கடிகாரத்துக்கு அந்தச் சிக்கனம் பெரிது.

படம் எடுப்பதானால் கண்ணாடியோடு போனை ஒட்டிப் பிடியுங்கள், பிரதிபலிப்பு போகும். இயந்திரத்தின் பக்கவாட்டைப் படமெடுங்கள்; முகத்தின் படம் எங்கும் கிடைக்கும்.

கடைசியாக, காவலரிடமோ வரவேற்பிலோ ஒன்று கேளுங்கள்: எந்த நாள், எத்தனை மணிக்குச் சாவி கொடுக்கிறீர்கள்? பார்வையாளர் நேரத்தில் என்றால் அந்த நாளுக்குப் போங்கள். துல்லியக் கடிகாரங்களில் சாவித்துளையை ஒரு மூடி மறைத்திருக்கும். சாவி கொடுக்கும்போது எடை சக்கரத்தை இழுக்காது, அந்த நேரம் கடிகாரம் பின்தங்கும். மூடியை நகர்த்தினால்தான் துளை திறக்கும், நகர்த்தும்போதே ஒரு துணைவில் சக்கரத்தைத் தள்ளத் தொடங்கிவிடும். மறதிக்காரர்களுக்காகச் செய்த பூட்டு அது. எட்டு நாள் ஓடும் ஆளுயரக் கடிகாரத்தின் உருளை பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றும். வாரம் ஒருமுறை சாவி கொடுப்பவர் பதினான்கு சுற்று சுற்ற வேண்டும். எண்ணிக்கொண்டே நில்லுங்கள். குறைந்தால், போன வாரம் நடுவில் அது எங்கோ நின்றிருக்கிறது.